முழங்கால் போட இடமுள்ள வண்டி

நம் ஊரில் வாங்குகிறவர் உண்டு, வாங்காதவர் உண்டு. இருவருக்கும் நடுவே, இருவரையும்விடப் பரபரப்பாக, மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது: வாங்கப்போகிறவர். நீங்கள் அவரைப் பார்த்திருக்கிறீர்கள். கோட்டாற்றில் மிக்சி வாங்க வந்து, ஏழு கடை ஏறி, ஒவ்வொரு கடைக்காரரிடமும் மற்ற ஆறு கடை மிக்சிகளின் குறைகளை விளக்கிவிட்டு, கையில் ஏழு விலைச்சீட்டோடு பஸ் ஏறிப் போகிறாரே, அவர்தான். கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சனுக்குப் பணம் போய்விடுமே என்ற பயம். இவருக்கு, ஒன்றை எடுத்தால் மற்றதெல்லாம் போய்விடுமே என்ற பயம். வாங்கும் நிமிடம் வரை உலகத்து வண்டிகள் எல்லாம் அவருடையவை; வாங்கியபின் ஒரே ஒரு வண்டி, அதுவும் அதன் குறைகளோடு. யோசித்தால் இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கொஞ்சம்தான்.

இந்த இனத்தில் குறையற்ற மாதிரி என்று ஒருவரைத்தான் என்னால் சொல்ல முடியும். பெயர் சத்தியநேசன், வீடு இராஜாக்கமங்கலம் போகும் சாலையில். இருபத்திரண்டு வருடம் மஸ்கட்டில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். வருடத்தில் ஒரு மாதம் போக, மனைவி ஜெயபாயையும் மகள் ரெஜிஷாவையும் மகன் அனிஷையும் உள்ளங்கையளவு போன் திரையில்தான் பார்த்துவந்தார். ஊர் திரும்பிய அன்று ஒரு வாக்குக் கொடுத்தார். படுக்கை, அடுப்பு, கழுவுதொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும் சின்ன கேம்பர் வேன் ஒன்று வாங்கி, நால்வரும் அதிலேயே படுத்து எழுந்து மலைப்பக்கம் ஒரு சுற்றுப் போய்வரலாம் என்று. சொல்லி இரண்டு வருடம் ஆகிறது.

இந்த இரண்டு வருடத்தில் அவர் சும்மா இருந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. கொச்சி, கோயம்புத்தூர், பெங்களூரு என்று போய் இருபத்துமூன்று வண்டிகளுக்குள் குனிந்து நுழைந்து, நிமிர்ந்து தலையில் இடித்துக்கொண்டு, மெத்தையின் கனம், மேற்கூரை தூக்கும் உயரம், தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு, ஜன்னல் திறக்கும் திசை எல்லாவற்றையும் அளந்து பட்டியல் போட்டிருந்தார். எல்லாம் சரியாக வந்த வண்டிகளும் அதில் இருந்தன. அவற்றைத் தள்ளுவதற்கென்றே ஒரு நிபந்தனையைக் கடைசியாக வைத்திருந்தார். சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். நால்வரும் முழங்கால் போட வண்டிக்குள் இடம் வேண்டும். முதல் வண்டியில் இருவர்தான் முழங்கால் போட முடிந்தது. ஒன்பதாவது வண்டியில் நால்வரும் போடலாம், ஆனால் கழிப்பறைக் கதவைப் பார்த்துதான் போட வேண்டும்.

"சீட்டுல இருந்துட்டு ஜெபிச்சா ஆண்டவருக்குக் கேக்காதாக்கும்?" என்றாள் ஜெயபாய்.

"இருந்து ஜெபிக்கது பழகிப் போவும்."

"அப்ப வெளிய எறங்கி ஜெபிப்போம்."

"மழ பெய்தா?"

ஜெயபாய் எழுந்து கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனாள். அவருக்கு அது போதும்.

வீட்டு ஹாலின் தரையில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் ஒன்பதடிக்கு ஐந்தரையடியில் ஒரு கட்டம் ஒட்டி, ஒரு சனிக்கிழமை மதியம் குடும்பத்தை அதற்குள் படுக்க வைத்தும் பார்த்தார்.

"அனிஷே, கால உள்ள இழு."

"இழுத்தா முட்டு அக்காளுக்க முதுகுல இடிக்குப்பா."

"அப்ப மூலைக்கு மூல படு."

"நான் எங்க படுக்கது, அடுப்பு மேலயா?" என்றாள் ரெஜிஷா.

ஓரத்தில் ஒருக்களித்துக் கிடந்த ஜெயபாய் கண்ணைத் திறக்காமல் சொன்னாள்: "நாம நாலு பேரும் ஒரு எடத்துல ஒண்ணா கெடக்கது இதாக்கும் மொத தடவ. பேசாம இந்தக் கோட்டுக்குள்ளேயே நாலு நாள் கெடந்துருவோமா?"

அவர் அதைத் தமாஷாக எடுத்துக்கொண்டு, முழங்கை வெளியே நீட்டுகிறதா என்று பார்க்கச் சொன்னார்.

சபையிலும் விஷயம் தெரியும். ஞாயிறு ஆராதனையில் வாசிக்கும் ஜெபக்குறிப்பில், "சகோதரர் சத்தியநேசன் ஏற்ற வாகனத்தைத் தெரிந்துகொள்ள" என்று இரண்டு வருடமாக வாசித்து வந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவருக்குப் பிள்ளை பிறந்தது, ஒருவருக்குக் கண்புரை நீங்கியது, ஒருவரின் மகன் நிலுவையிலிருந்த பதினோரு பாடமும் எழுதித் தேறினான். கடவுளே கைவிட்டது போல இது மட்டும் நின்றது. நான் கடவுளைக் குறை சொல்ல மாட்டேன். அவர் இருபத்துமூன்று வண்டி காட்டியிருக்கிறார்.

இதற்கிடையில் ரெஜிஷா நர்சிங் முடித்து, ஜெர்மன் மொழியும் படித்துத் தேறி, அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வேலையும் வாங்கிவிட்டாள். ஜூன் பதினெட்டு விமானம். ஜெயபாய் கேட்டது ஒன்றே ஒன்று: மகள் போகுமுன் நால்வரும் நாலு நாள் சேர்ந்து இருக்க வேண்டும். எந்த வண்டி என்று அவள் கேட்கவில்லை.

விமானத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஜெயபாயே குலசேகரத்தில் இருக்கும் தன் தம்பி ஜெபிஷுக்குப் போன் போட்டாள். அவன் ரப்பர் ஷீட் ஏற்றும் தன் வேனைக் காலி செய்து, சோப்புப்பொடி போட்டுக் கழுவி, வீட்டு மெத்தை இரண்டை விரித்து, வாகமண் மலைக்குப் போகத் தயாராக வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். மணம் மட்டும் போகவில்லை.

"ஏறுங்க அத்தான்."

சத்தியநேசன் அளவு டேப்போடு ஏறி, அளவு டேப்போடு இறங்கினார். "உள்உயரம் நாலடிகூட இல்ல. காத்து எது வழியா வரும்?"

"கதவத் தொறந்தா வரும் அத்தான்."

"சனிக்கிழம கொச்சிலேருந்து ஒரு வண்டி காட்ட வாறாங்க. நீங்க போய்ட்டு வாங்க. அது ஒத்துவந்தா, அடுத்தாப்ல அதுலயே எல்லாரும் போலாம்."

"அடுத்தாப்ல எப்ப? பிள்ளைக்கு டிக்கெட் பதினெட்டாம் தேதியாக்கும்" என்றாள் ஜெயபாய்.

"லீவுக்கு வருவால்லா."

இருபத்திரண்டு வருடம் தன்னைப் பற்றி அவர் போனில் சொல்லிவந்த சொல் அது. ஜெயபாய் வேனில் ஏறிக்கொண்டாள்.

சனிக்கிழமை கொச்சி வண்டி வந்தது. மெத்தை அரை இஞ்சு கனம் குறைவு. திருப்பி அனுப்பினார். சாயங்காலம் ஏழு மணிக்கு, ஜெபத்துக்காக அவர்கள் வாகமணிலிருந்து வீடியோ அழைப்பில் வந்தார்கள். புல்லில் தார்ப்பாய் விரித்திருந்தது. மழை இல்லை.

"ஜெயா, எப்படிப் படுத்திய? உள்நீளம் எவ்வளவு வரும்?"

"தம்பி முன் சீட்டுல. பொறத்த நாங்க மூணு பேரு. ஒங்க எடம் ஒண்ணு சும்மா கெடக்கு. அத வேணும்னா அளந்து சொல்லட்டா?"

ஒரு மனிதனுக்கு எல்லாம் விளங்கிவிட இதற்குமேல் என்ன வேண்டும்? அவர் கையிலிருந்த அளவு டேப்பைத் தரையில் வைத்தார். பிறகு சொன்னார்: "ஜெபம் கழிஞ்சு அளந்தா போதும்."

மறுமுனையில் தார்ப்பாயில் ஜெபிஷையும் சேர்த்து நால்வரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு முழங்கால் போட்டார்கள். இங்கே அவர் போனைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, கறுப்பு டேப் கட்டத்துக்குள் தனியாக முழங்கால் போட்டார். இடம் தாராளமாக இருந்தது.

ஜெபம் முடிந்து ரெஜிஷாவிடமிருந்து செய்தி வந்தது. "அப்பாக்க எடம்: நீளம் ஆறடி, அகலம் ரெண்டேகால். ஒங்களுக்குச் சரியா தெகஞ்சிருக்கும்ப்பா." அவர் அதைப் பலமுறை வாசித்தார் என்று கேள்வி. வாசித்துவிட்டுப் பட்டியலில் ஏற்றினார்.

அடுத்த ஞாயிறு சபையில், "பயணம் நலமாக முடிந்ததற்காக ஜெயபாய் குடும்பத்தார் ஸ்தோத்திர காணிக்கை" என்று வாசித்தார்கள். வெளியே வந்ததும் ஆளாளுக்கு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "வேன் வந்துட்டு போல!"

"அது வேற வண்டியாக்கும்" என்றார் அவர். "ஜெபக்குறிப்ப எடுத்துராதிய."

பதினெட்டாம் தேதி ரெஜிஷா போனாள். திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து திரும்பிய மறுநாள், சத்தியநேசன் தரையில் இருந்த டேப்பை உரித்து, ஒன்றேகால் அடி உள்ளே தள்ளி ஒட்டினார். இனி மூன்று பேர்தானே. தேர்வு எளிதாகிவிட்டது என்றார். ஜெயபாய் அந்தக் கட்டத்தைச் சுற்றிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

நீங்கள் இந்த இனமில்லை என்று எனக்குத் தெரியும். அவரைப் பார்த்து இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். ஒரே ஒரு சந்தேகம். இதை வாசித்துவரும்போது, அந்த ரப்பர் ஷீட் வேனின் உள்நீளம் கடைசியில் எவ்வளவுதான் வந்தது என்று உங்களுக்குள் ஒரு கேள்வி எழுந்ததா? எழுந்திருந்தால், புத்தகத்தை மூடிவிட்டு, உங்கள் வீட்டில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.