கரடிக்குப் பக்கத்தில் மாமனாரை நிறுத்திய மாப்பிள்ளைக்கு

மதிப்பும் மரியாதையும் குறையாத மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் சௌக்கியம் என்றுதான் தொடங்க வேண்டும். உங்கள் அத்தை சௌக்கியம். நான் கோபமாக இருக்கிறேன்.

நேற்று நீங்கள் போனில் சொன்னதிலிருந்து கடையில் உட்கார முடியவில்லை. வருகிற ஞாயிறு பேத்தியை அந்தக் காட்டாற்றங்கரைக்குக் கூட்டிப்போகிறீர்களாம். அங்கே தாய்க்கரடி ஒன்று இரண்டு குட்டிகளோடு வருகிறதாம். "பாப்பாவும் குட்டியும் ஒரே உயரம் மாமா, பக்கத்துல நின்னா படம் அள்ளும்" என்றீர்கள். நான் "அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்று போனை வைத்துவிட்டேன். மாப்பிள்ளை சொன்னதற்கு மறுபேச்சு கூடாது என்பது கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் உங்கள் அத்தை போட்டிருக்கிற சட்டம். பிறகு மகளுக்குப் போன் செய்து, பெற்றவள் நீ இதற்கு எப்படிச் சம்மதித்தாய் என்று கேட்டால், "நீங்களே சந்தோஷம்னு சொன்னீங்களாமேப்பா" என்கிறாள். ஆக, நான் மரியாதைக்குச் சொன்ன ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு குழந்தையைக் கரடியிடம் கொண்டுபோகிறீர்கள். வாயால் சொல்ல முடியாததைக் கையால் எழுதுகிறேன்: குழந்தையைக் கூட்டிப்போகக் கூடாது.

ஏன் என்று கேட்பீர்கள். போன மாதம் என்னையும் உங்கள் அத்தையையும் கூட்டிப்போன லட்சணத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். காட்டு வாசலில் அந்த வனக்காவலர் அம்மா நம் மூவரையும் நிறுத்தி, கரடிக்கு நூறு மீட்டருக்குள் போகாதீர்கள், தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் மாட்டாதீர்கள், கரடி தன் வேலையை விட்டுவிட்டு உங்களைப் பார்த்தால் கிட்டே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம், அப்போது ஓடாமல், முதுகைக் காட்டாமல், தணிந்த குரலில் பேசிக்கொண்டே பின்வாங்குங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னார். நீங்கள் தலையாட்டிய அழகைப் பார்த்து நானே நம்பிவிட்டேன். உள்ளே போனதும், வண்டியிலிருந்தே எடுக்கலாமே என்றேன். லென்ஸ் எட்டாது என்றீர்கள். மாப்பிள்ளை, நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டுவதற்குத்தான் லென்ஸ் என்பது எனக்குத் தெரியும். உங்கள் கேமராவில் இருப்பது கல்யாண வீட்டில் குடும்பப் படம் எடுக்கிற லென்ஸ். அது செய்ய முடியாத வேலையை என் காலைச் செய்ய வைத்தீர்கள்.

கரடி தன் பாட்டுக்கு மண்ணைக் கிளறி எதையோ தின்றுகொண்டிருந்தது. அது எவ்வளவு பெரிது என்று பார்க்கிறவர்களுக்குப் புரிய பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் என்று சொல்லி, "இன்னும் ரெண்டடி பின்னால போங்க மாமா, இன்னும் ரெண்டடி" என்று நீங்கள் கேமராவுக்குள்ளிருந்தே என்னைத் தள்ளினீர்கள். நான் வண்டியைப் பார்த்தேன். உங்கள் அத்தை கண்ணாலேயே, மாப்பிள்ளை சொல்றதைக் கேளுங்க என்றாள். முன்னால் மாப்பிள்ளை, பின்னால் கரடி, பக்கவாட்டில் மனைவி. இந்த மூன்றில் எனக்குப் பயம் குறைவாக இருந்த திசையில் போனேன். கரடி தின்பதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றது. உஸ்ஸென்று மூச்சு விட்டு, பல்லைக் கடகடவென்று அடித்தது. நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அசையாதீங்க மாமா, சூப்பரா வருது." சொல்லிவிட்டு நீங்கள் அசைந்தீர்கள். அசைந்தீர்கள் என்று மரியாதைக்காக எழுதுகிறேன். ஓடினீர்கள். ஓடிப்போய் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டீர்கள்.

நான் என்ன செய்ய? தணிந்த குரலில் பேசச் சொன்னார்களே, அந்தக் குரலில் எனக்கு உங்களிடம் பேசித்தான் பழக்கம். கரடி பக்கம் திரும்பி, அதே குரலில், "நீங்க சாப்பிடுங்க, நான் கிளம்பறேன், தப்பா நினைச்சுக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே பின்னுக்கு நகர்ந்தேன். அது என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் புதருக்குள் போய்விட்டது. வண்டியில் ஏறினால் உங்கள் அத்தை, "ஒரு கரடிகிட்ட இவ்வளவு மரியாதையா பேசத் தெரியுது, என்கிட்ட ஒரு நாளாவது இப்படிப் பேசியிருக்கீங்களா" என்று ஆரம்பித்தாள். நீங்களோ சொந்தக்காரர்களிடமெல்லாம், மாமா கரடியோடு பேசிக்கொண்டிருந்தார், நடுவில் போய்த் தொந்தரவு செய்ய வேண்டாமென்று வந்துவிட்டேன் என்று சொல்லித் திரிகிறீர்களாம். எல்லாம் என் காதுக்கு வருகிறது.

அந்தப் படத்தைச் சட்டம் போட்டு என் கடையிலேயே மாட்டினீர்களே, அதை இன்னும் கழற்ற முடியவில்லை, உங்கள் அத்தை விடவில்லை. கண் பரிசோதனைக்கு வந்த ஒருவர் அதைப் பார்த்து, "இடது பக்கம் இருக்கிறது நீங்கதானே" என்றார். இடது பக்கம் கரடி. அவருக்குக் கண்ணாடி செய்து மாட்டிவிட்டேன். திரும்பவும் பார்த்துவிட்டு, "ஆமா, நீங்களேதான்" என்றார்.

என்னை வைத்து ஊர் சிரிக்கட்டும். ஆனால் அங்கே நின்ற எனக்கு வயதும் வாயும் இருந்தன. குழந்தைக்கு என்ன இருக்கிறது? கரடிக்குட்டியைக் கண்டால் கட்டிக்கொள்ள ஓடும். தாய்க்கரடிக்கு உங்கள் படத்தைப் பற்றி என்ன கவலை? எட்டாத லென்ஸும் ஓடுகிற அப்பாவும் இருக்கிற இடத்துக்கு என் பேத்தி வரமாட்டாள். இது முடிவு. மாப்பிள்ளை வருத்தப்பட்டால் படட்டும். உங்கள் அத்தை என்னோடு பேசாவிட்டால் வீடு கொஞ்சம் அமைதியாக இருக்கட்டும்.

மற்றபடி நீங்களும் மகளும் பேத்தியும் நூறாண்டு நோய்நொடியில்லாமல் வாழ வேண்டும். குழந்தை அதில் முதல் ஐந்தைத் தாண்டுவதற்கு உங்கள் ஒத்துழைப்பை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கோபம் தணியாத, ஆனாலும் அன்புள்ள
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் அத்தை கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். மாப்பிள்ளைக்கு எழுதுகிற எழுத்தா இது என்று தலையில் அடித்துக்கொண்டு, உங்களுக்கு அவளே போன் செய்தாள். நான் கதவோரம் நின்று கேட்டேன். "பாப்பா சின்னது மாப்பிள்ளை, படத்துல கண்ணுக்கே தெரியாது. உங்க மாமா எதுக்கு இருக்கார்?" என்றாள். நீங்களும் உடனே ஒப்புக்கொண்டீர்களாம். எனவே மேலே கண்டவை எதையும் நான் எழுதவில்லை என்று கொள்ளவும். குழந்தையைச் சனிக்கிழமையே மறக்காமல் இங்கே கொண்டுவந்து விட்டுவிடவும். ஞாயிறு காலை நான் தயாராக இருப்பேன். எந்தக் குட்டிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடவும்.