ல. அம்மையாரின் வலது விலா

“லீலா, மனித குலம் இதுவரைக்கும் கண்டுபிடிச்சதிலேயே மகத்தான விஷயம் எது, சொல்லு பார்ப்போம்?”

“ஏர்கான். இந்த ஊர் வெக்கைக்கு அதுதான்.”

“ஏர்கானா! ஒரு துளி மருந்தை ஒரு தொட்டித் தண்ணியில கலக்கணும். அதுல ஒரு துளி எடுத்து இன்னொரு தொட்டியில கலக்கணும். இப்படியே போய், கடைசியில மருந்தே இல்லாம ஆகும்போதுதான் மருந்து முழு வீரியத்தோட வேலை செய்யுது. இதை விடவா ஏர்கான் பெரிசு?”

“அப்ப என் ரசம் தண்ணியா இருக்குன்னு நேத்து ஏன் குறை சொன்னீங்க?”

அவள் கணவர் அகிலன் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். மாபெரும் விஞ்ஞானிகள் குறுக்குக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை.

சிங்கப்பூரின் செம்பவாங்கில் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து அவர் ஓய்வு பெற்ற வாரத்தில் நடந்த பேச்சு அது. தலைக்கவசம் இல்லாமல் ஒரு ஈயைக்கூட உள்ளே விடாதவர் என்று பெயர் எடுத்தவர். ஓய்வுக்குப் பிறகு இணையத்தில் ஹோமியோபதி படித்து, செங்காங் வீட்டின் சாமான் அறையை மருத்துவமனையாக்கி, இன்று ஜாலான் புசாரில் ஒரு சின்ன ஹோட்டலின் கீழ்த்தளத்தில் ‘சர்வதேச ஹோமியோபதி ஆராய்ச்சி மாநாடு’ நடத்தும் அளவுக்கு உயர்ந்துவிட்டார்.

வாசலில் பெயர் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த லீலாவுக்கு அந்த ரசப் பேச்சு நினைவுக்கு வந்து சிரிப்பு வந்தது. சிரித்ததும் வலது விலாவுக்குக் கீழே சுரீரென்று இழுத்தது. மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

“ம்மா, மறுபடியுமா?” பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாமினி நிமிர்ந்தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள். “டாக்டர்கிட்ட போகணும்னு அப்பாகிட்ட ஜஸ்ட் சொல்லிடுங்க லா. எத்தனை மாசமா தள்ளிப் போடுறீங்க?”

“மாநாடு முடியட்டும்டி.”

“கவர்மெண்ட் பாலிகிளினிக் நம்ம அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்துலதானே இருக்கு. நான் கூட்டிட்டுப் போறேன்.”

“உங்கப்பாவுக்குத் தெரியாமலா?” என்றாள் லீலா. கணவனுக்குத் தெரியாமல் இன்னொரு டாக்டரைப் பார்ப்பது அவளுக்கு, கணவனுக்குத் தெரியாமல் இன்னொரு ஆணைப் பார்ப்பது போலவே பட்டது.

அகிலன் கொடுமைக்காரராக இருந்திருந்தால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும். அவர் அப்படி இல்லை. வலி வந்தால் ஓடி வருவார். வெந்நீர்ப் பை வைப்பார். நாக்கின் அடியில் சர்க்கரை உருண்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு, அவை கரையும்வரை அவள் கையைத் தடவிக்கொண்டே இருப்பார். அந்தக் கையிடம் ‘உங்க புட்டியில ஒண்ணும் இல்லைங்க’ என்று எப்படிச் சொல்வது?

“போன மாசத்தை விட வலி கூடியிருக்குங்க” என்று ஒருமுறை மெல்ல ஆரம்பித்துப் பார்த்தாள்.

“அற்புதம்! வலி கூடுனா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்.”

“குறைஞ்சா?”

“அப்பவும் வேலை செய்யுதுன்னுதான் அர்த்தம்.”

“கூடாம குறையாம அப்படியே இருந்தா?”

“மருந்து யோசிச்சிட்டிருக்குன்னு அர்த்தம்.”

எந்தப் பக்கம் திரும்பினாலும் வெற்றியே கிடைக்கும் இப்படியொரு மருத்துவத்தை வேறு எங்கே காண முடியும்? அந்த வெற்றியைத்தான் அவர் ஆய்வுக் கட்டுரையாக எழுதியிருந்தார். ‘ல. அம்மையாரின் வலது விலா: ஒரு சாதனைச் சரித்திரம்.’ லீலாவைத்தான் பெயர் மறைத்து ‘ல.’ ஆக்கியிருந்தார். பிற்பகல் அமர்வில் அதுதான் மகுடம்.

மாநாடு தொடங்கியது. அரங்கில் நாற்காலிகள் அதிகம், ஆட்கள் குறைவு. அதற்காக யாரும் வருந்தவில்லை. “கூட்டம் நீர்க்க நீர்க்க வீரியம் கூடும்!” என்று வரவேற்புரையில் அகிலன் முழங்க, இருந்தவர்கள் பலமாகக் கைதட்டினார்கள். ‘சர்வதேசம்’ என்ற சொல்லுக்குப் பொறுப்பேற்றவர்கள் மூவர். சென்னையிலிருந்து பேராசிரியர் மகுடபதி. காலையிலேயே பாலம் கடந்து மலேசியாவின் ஜொகூரிலிருந்து வந்த அப்துல் அலீம். இணையம் வழியாகக் கலந்துகொண்ட மெல்பர்ன் பிரதிநிதி. மெல்பர்ன்காரர் வணக்கம் சொல்ல வாய் திறந்தபோதே இணைப்பு உறைந்துவிட்டது. காலை முழுவதும் திறந்த வாயோடு திரையில் இருந்தார். எல்லாத் தீர்மானங்களையும் அவர் ‘வியப்புடன் ஆமோதித்ததாக’க் குறிப்பெழுதினார்கள்.

முதல் கட்டுரை தும்மலைப் பற்றியது. மருந்து சாப்பிட்ட குழுவுக்குத் தும்மல் நின்றுவிட்டதாம். மருந்து சாப்பிடாத குழுவுக்கும் நின்றுவிட்டதாம்.

“அப்படின்னா மருந்து வேலை செய்யலன்னுதானே அர்த்தம், அங்கிள்?” என்று யாமினி பின்வரிசையிலிருந்து கேட்டாள்.

கட்டுரையாளர் கருணையோடு சிரித்தார். “சாப்பிடாதவங்களுக்கே குணமாகுதுன்னா, இந்த மருந்தோட சக்தி எப்படிப்பட்டதுன்னு யோசிச்சுப் பாரும்மா!”

அரங்கம் ஒரு கணம் மெய்சிலிர்த்தது.

மாநாட்டில் எல்லாம் இருந்தது, காப்பி மட்டும் இல்லை. காப்பி, பச்சை வெங்காயம், புதினா, தலைவலிக்குத் தடவும் கோடரித் தைலம் இவையெல்லாம் மருந்தை முறித்துவிடும் என்பதால் அகிலன் தடை போட்டிருந்தார். பிரதிநிதிகளுக்கு இளம் வெந்நீர் வழங்கப்பட்டது. அதனாலோ என்னவோ, மதிய உணவு நேரத்தில் அறிஞர்கள் மொத்தமாகக் காணாமல் போனார்கள்.

புரொஜெக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அகிலன் லீலாவிடம் ஓடி வந்தார். “லீலா, ப்ரொபசரைக் காணோம்! அடுத்து என் பேப்பர். கொஞ்சம் வெளிய பாரேன். முடியுமா உனக்கு? வலி இருக்கா?”

“இருக்குங்க.”

“நல்லது, நல்லது” என்று அவள் தோளைத் தட்டினார். அன்பாகத்தான் தட்டினார்.

அறிஞர்கள் எதிர்ச்சாரிக் கோப்பிக்கடையில் இருந்தார்கள். பேராசிரியருக்கு முன்னால் பால் விடாத கோப்பி ஓ, ஆட்டுக்கறிக் குழம்பில் மிதக்கும் பரோட்டா. சுற்றி மற்றவர்கள். தூணுக்கு இந்தப் பக்கம் லீலா மூச்சு வாங்க நின்றாள்.

“எனக்கு ரெண்டு ஸ்டென்ட்” என்று அலீம் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். “கோலாலம்பூர்ல. தங்கமான டாக்டர். நம்பர் வேணுமா, ப்ரொபசர்?”

“இதயம் நல்லா இருக்கு பாய். எனக்குப் பித்தப்பைதான் போச்சு. போன தடவை சிங்கப்பூர் மாநாட்டுக்கு வந்தப்ப, வலது விலாவுக்குக் கீழ முறுக்கிப் பிழிஞ்சுது. வருகைப் பதிவுல கையெழுத்துப் போட்டுட்டு நேரா ஆஸ்பத்திரி. கல்லாம். சின்னச் சின்ன ஓட்டை போட்டுப் பையையே எடுத்துட்டாங்க. ரெண்டாவது நாள் நான் வராததை, ‘பேராசிரியர் ஆழ்ந்த சிந்தனையில் இருந்தார்’னு மாநாட்டு மலர்ல போட்டாங்க.”

“உங்ககிட்டத்தான் மருந்து இருக்கே, ப்ரொபசர்?” என்றார் அலீம்.

“மருந்து மக்களுக்கு. கல்லு எனக்குல்ல இருந்துச்சு!”

மேசை அதிரச் சிரித்தார்கள். அப்போதுதான் பேராசிரியர் லீலாவைப் பார்த்தார். மாநாட்டு மலரை எடுத்துக் கோப்பைமேல் கவிழ்த்தார்.

“வாங்கம்மா! ஒரு கள ஆய்வு. காப்பி உடம்பை எப்படிக் கெடுக்குதுன்னு நேரடியாப் பார்த்துட்டிருக்கோம்.”

“கூப்பிடுறாங்க சார்” என்றாள் லீலா. திரும்பப் போனவள் நின்றாள். “சார், அந்த வலி... முதுகுப் பக்கம், தோள்பட்டை வரைக்கும் வருமா?”

“வரும்மா! எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டா உயிரே போகும். உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“சும்மா கேட்டேன் சார்.”

சாலையைக் கடந்து வரும்போது அவள் மகளைப் போல வேகமாக நடந்தாள். வலிக்கத்தான் செய்தது.

பிற்பகல் அமர்வுக்குப் பேராசிரியர் தலைமை. அகிலன் திரையில் வரைபடம் காட்டினார். ல. அம்மையாரின் வலி, மலையேறும் ஒரு கோடாக இடமிருந்து வலமாக உயர்ந்துகொண்டே போனது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் அகிலன் புதிய வீரியத்தின் பெயரைச் சொன்னார். “இந்த அம்மையார் ஒரு நாள்கூட என்மேல் நம்பிக்கை இழந்ததில்லை” என்று முடித்தார்.

பேராசிரியர் எழுந்தார். “வலியைக் குறைப்பதை எந்த மருத்துவமும் செய்துவிடும். இவ்வளவு துல்லியமாக வலியைக் கூட்டிக் காட்ட நம் மருத்துவத்தால் மட்டுமே முடியும்! அந்தப் புண்ணியவதி இங்கே வந்திருக்கிறாரா?”

“என் மனைவிதான், ப்ரொபசர்” என்றார் அகிலன் பெருமையோடு. “வா, லீலா.”

லீலா மேடை ஏறினாள். அவளைக் கண்டதும் பேராசிரியரின் கை தன்னையறியாமல் மாநாட்டு மலரைத் தேடியது. ஆனால் எத்தனையோ மேடை கண்டவர். சமாளித்துக்கொண்டார்.

“அம்மா, அடுத்த கட்டமாக உங்கள் கணவர் வீரியத்தை இன்னும் உயர்த்த விரும்புகிறார். ஓராண்டு. ஆய்வுக்கு உங்கள் சம்மதம் உண்டுதானே?”

அரங்கம் கைதட்டத் தயாரானது. திரையின் மூலையில் மெல்பர்ன்காரர் இன்னும் வாய் திறந்தபடியே காத்திருந்தார். கீழே யாமினி எழுந்து நின்றுவிட்டாள். அகிலன் மனைவியைப் பார்த்தார். தாலி கட்டும்போது பார்த்த அதே பார்வை. அதில் துளிக்கூடப் பொய் இல்லை. அதனால்தான் இத்தனை மாதமாக ‘டாக்டர்’ என்ற சொல்லை அவள் தள்ளிப் போட்டிருந்தாள். இப்போது வலி தோளுக்கு ஏறியது. லீலா ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மைக்கை வாங்கினாள். பேராசிரியரைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்தாள்.

“ஏங்க,” என்றாள். ஒலிபெருக்கி அந்த ஒரு சொல்லை அரங்கம் முழுவதும் கொண்டுபோனது. “நம்ம ப்ரொபசரோட பித்தப்பையை எடுத்த டாக்டர் இதே ஊர்லதான் இருக்காராம். அவர்கிட்ட என்னையும் கூட்டிட்டுப் போங்க.”