பற்றரி மாஸ்டரும் மூன்றாவது திரையும்

உழவு மெசினைப் பட்டினி போட்டுக் கொம்பியூட்டருக்குச் சோறு போட்ட ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் பற்றரி மாஸ்டர்தான். அமெரிக்காவில் இன்னொருவர் இருக்கிறார் என்று யாராவது எழுதினால் நான் நம்பவே மாட்டேன். ஊரே உழவுக்கென்று வயல் வட்டைக்குள் இறங்கி நிற்கும். மாஸ்டருடைய மெசின் மட்டும் பற்றரி இல்லாமல் வேலியோரம் படுத்துக் கிடக்கும். பற்றரி வீட்டுக்குள், ஒரு பழைய கொம்பியூட்டரின் காலடியில் இருக்கும்.

வாவிக்கு மேற்கே, வெல்லாவெளிப் பக்கம், கரண்டே இல்லாத ஊர் எங்களுடையது. கரண்டுக் கம்பிகளை யுத்தம் எப்போதோ தின்று முடித்திருந்தது. அப்படிப்பட்ட ஊரின் கூட்டுறவுக் கடைக்கு யாரோ புண்ணியவான்கள் ஒரு கொம்பியூட்டரை அனுப்பிவைத்தார்கள். அது வந்த பெட்டியில் கோழி அடை வைக்கலாமா என்று இரண்டு நாள் ஆலோசனை நடந்தது. பிறகு மனேச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"டேய், நீதானே இங்க கிளாக்கர். பற்றரி மாஸ்டரிட்டப் போய்ப் பழகித்து வா. ஏலாதெண்டாச் சொல்லு, வேற ஆள் பாப்பம்."

ஏலாது என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா? அடுத்த நாளே போய் நின்றேன்.

மாஸ்டருக்கு ரேடியோ திருத்துகிற தொழில். அவருடைய கொம்பியூட்டரில் ஓடியது லினக்ஸ். அதை எனக்கு அவர் விளங்கப்படுத்திய விதம் இதுதான்: "மத்ததெல்லாம் கட்டின வீடு. காசு குடுத்துக் குடி போறது. இது வெறும் வளவு. கல்லு, மரம், ஓடு எல்லாம் தனித்தனியாக் கிடக்கு. என்னென்ன வேணுமெண்டு நீதான் சொல்லணும். வேணுமெண்டத மட்டும் வை."

"மவுஸ் வேணுமா?"

"ஓம் மாஸ்டர்."

"ஏன், கையில விரல் இல்லையா?"

மவுஸ் போயிற்று.

"கலர்?"

"கலர் இருந்தா வடிவாத்தானே..."

"கலர் பற்றரிய நக்கும்."

கலரும் போயிற்று. இப்படியே ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுக் கழற்றினார். சத்தம் என்ற இடத்துக்கு வந்தபோது மட்டும் என்னிடம் ஒன்றும் கேட்காமல் அடுத்ததற்குத் தாவிவிட்டார். ஒரு கிழமை முடிந்து மனேச்சர் "என்னடா பழகின?" என்று கேட்டபோது, "கறுப்புத் திரையில ஒரு கோடு மினுங்குது ஐயா" என்றேன். மனிதர் என்னைப் பார்த்த பார்வையில் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

பெரிய கரைச்சல் சொற்கள்தான். அந்த மெசினுக்குள்ளே கொல்லுவது, பேய், அநாதை என்றெல்லாம் ஆங்கிலத்தில் கட்டளைகளும் பெயர்களும் உண்டு. அதுகளைத் துண்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆமிக்காரன் நிற்கிற சென்றியைக் கடந்து பாருங்கள், தெரியும். மாஸ்டர் அவற்றைப் பிடுங்கிவிட்டு நம்முடைய சொற்களை வைத்திருந்தார். லினக்ஸில் அப்படி வைக்கலாம், கேட்பாரில்லை. ஓடுகிற வேலையை நிறுத்த ஆங்கில எழுத்தில் "போதும்" என்று தட்ட வேண்டும். வெளியேற "போயித்து வாறன்" என்று தட்ட வேண்டும்.

ஒருநாள் அவசரத்தில் "போறன்" என்று மட்டும் தட்டிவிட்டேன்.

"அப்பிடிச் சொல்லப்படாது" என்று திரையில் வந்தது.

மாஸ்டர் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. உச்சி வெயில், காகம்கூடக் கத்தவில்லை. முருகா, என் முதுகு முழுக்கக் குளிர்ந்துபோயிற்று. அவர் எழுதிவைத்த பதில்தான் அது என்று பிறகு விளங்கியது. ஆனாலும் அதற்குப் பிறகு நான் ஒருநாளும் அந்த மெசினுக்கு மரியாதைக் குறைவாக நடந்ததில்லை.

இன்னொன்றும் சொல்லியிருந்தார். உள்ளே இருக்கிற கடைசி ஆள் "போயித்து வாறன்" சொன்னால் மெசினும் தானாகப் படுத்துவிடுமாம். தினமும் கடைசியாக எழும்புகிறவன் நான்தான். சொல்லிவிட்டுத்தான் எழும்புவேன். அது ஒருநாளும் படுத்ததில்லை. விடிய விடிய உறுமிக்கொண்டே இருக்கும். ஒரு பற்றரி இறங்கினால் டீசலில் ஓடுகிற நெல் மில்லில் சார்ஜ் ஏற்றிவைத்த அடுத்த பற்றரியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, பழையதைக் கழற்றுமுன் அதைக் கொளுவி, மூச்சு விடாமல் மாற்றுவார் மாஸ்டர்.

"அணைச்சு வச்சா என்ன மாஸ்டர்?"

"அணைக்கப்படாது."

அவ்வளவுதான் பதில்.

அந்த மெசினில் ஒரே கண்ணாடிக்குள் ஆறு பேர் ஆறு திரையில் இருக்கலாம். ஒரு பொத்தானைத் தட்டினால் ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம். என்னுடையது இரண்டாவது. ஒரு மத்தியானம் விரல் வழுக்கி மூன்றாவதற்குப் போய்விட்டேன். அங்கே சுதன் என்று ஒரு பெயர். அதற்குப் பக்கத்தில் பாதி தட்டிய ஒரு கட்டளை. நடுச் சொல்லில் நின்றுபோயிருந்தது. அதன் நுனியில் கோடு மினுங்கிக்கொண்டிருந்தது, ஆள் இப்போதுதான் கையை எடுத்தது போல. சரி, அழித்துவிடுவோம் என்று விரலைக் கொண்டுபோனேன்.

"தொடாத!"

மாஸ்டர் கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த கிளி அக்காதான் விசயத்தைச் சொன்னா.

"சுதன் அவர்ட தம்பிடா. ரெண்டு பேரும் சேந்துதான் அந்த மெசினக் கட்டின. சத்தம் வேணுமெண்டு இவன். பற்றரி தாங்காதெண்டு அவர். அண்டைக்கு மத்தியானம் அவர் சொல்லச் சொல்லக் கேக்காம இவன் சத்தத்தப் போட வெளிக்கிட்டானாம். ரெண்டு பேருக்கும் வாய்த்தர்க்கம். பாதியில ஒழும்பி, பணிஸ் வாங்க எண்டு என்ட கடைக்கு இறங்கினவன். கோவத்தில போயித்து வாறன் எண்டும் சொல்லல்ல."

"மறுகா என்ன நடந்த?"

"மறுகா என்ன மறுகா. அந்தா வாசல், இந்தா கடை. நான் இதிலதான் நிண்டன். புள்ள வந்து சேரல்ல. ஆக்களத் தூக்கிற வான் ஒண்டு நிண்டதாம் எண்டு சொல்றாங்க. நான் வானக் காணல்ல தம்பி. வெறும் வெயிலத்தான் கண்டன்."

நான் அந்த வாசலையும் கடையையும் பார்த்தேன். இடையில் ஒரு பூவரச மரமும் கொஞ்சம் மணலும்தான் இருந்தன. தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன்.

யார் எவ்வளவு நேரமாகக் கையை வைக்காமல் இருக்கிறார் என்று அந்த மெசினைக் கேட்டால் சொல்லும். சுதனுடைய கணக்கு மாதக்கணக்காக வளர்ந்துகொண்டே போனது. வெளியே போகும்போதெல்லாம் மாஸ்டர் மூன்றாவது திரையையே முன்னால் விட்டுவிட்டுப் போவார், வருகிறவனுக்குக் கதவைச் சாத்தாமல் வைப்பது போல. ஒருநாள் இருவரும் வீட்டைப் பூட்டிவிட்டு மில்லுக்குப் போய் வந்தோம். மாஸ்டர் வழக்கம்போல மெசினிடம் கேட்டார். சுதன் கை வைத்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை என்றது. பாதியில் நின்ற அந்தச் சொல்லில் ஓர் எழுத்து கூடியிருந்தது. சரியான எழுத்து.

நல்ல வேளையாக விசைப்பலகை ஓரத்தில் ஒரு பல்லி உட்கார்ந்திருந்தது.

"பல்லி மாஸ்டர்! பல்லிதான்!"

"ஓம், பல்லிதான்" என்றார். அந்த எழுத்தை அவர் அழிக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் பல்லியை விரட்டவும் விடவில்லை.

பிறகு ஷெல் குண்டு வந்தது. ஒரு காலையில் வட்டைக்குள் விழத் தொடங்கி, வெயில் ஏறுமுன் ஊருக்குள் விழுந்தது. சட்டி, பாய், ஆடு, பிள்ளைகளோடு சனம் வாவித் துறைக்கு ஓடியது. நான் மாஸ்டர் வீட்டுக்கு ஓடினேன். மனிதர் சைக்கிள் கரியரில் கொம்பியூட்டரைக் கட்டிக்கொண்டிருந்தார். பாரில் சாக்குக்குள் பற்றரி, கூடையில் கரண்ட் மாற்றுகிற பெட்டி, கழுத்தில் மாலையாக விசைப்பலகை. திரைப் பெட்டியை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டார். மெசின் உறுமிக்கொண்டிருந்தது.

"மாஸ்டர், உசிர் போற நேரத்தில இதென்ன விளையாட்டு? அணைச்சிப்போட்டு வாங்க!"

"பின்னால பிடிச்சித் தள்ளு. ஆட்டாத, உள்ள எல்லாம் எழுதி வச்ச தட்டு சுத்துது."

தள்ளினேன். வேறென்ன செய்ய?

எங்கள் பக்கத்தில் வாவியைக் கடக்கிற மிதவைக்குப் பாதை என்று பெயர். பாதையில் கால் வைக்க இடமில்லை. எங்களைச் சுற்றி மட்டும் கொஞ்சம் இடம் இருந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் உறுமலைக் கேட்டு, "உள்ள என்ன மாஸ்டர் இரிக்கி?" என்றாள்.

"தம்பி" என்றார்.

அவள் பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு மெதுவாக அங்கால் போனாள்.

அக்கரையில் சென்றி. வயர், பற்றரி, உறுமுகிற பெட்டி, கழுத்தில் பொத்தான் பலகை. நானே ஆமிக்காரனாக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே ஓடியிருப்பேன். துவக்குகள் நிமிர்ந்தன. சனம் முழுக்க மணலில் குப்புற விழுந்தது.

"நிப்பாட்டு! நிப்பாட்டு!" என்று கத்தினான் ஆமிக்காரன்.

மாஸ்டர் அசையவில்லை.

"மாஸ்டர், அணைக்காட்டிச் சுடுவாங்க."

"அணைச்சா அவன் இல்லாமப் போயிருவான்டா."

என் வாயில் அந்த நேரத்தில் எப்படித்தான் வந்ததோ தெரியாது. "அணைக்க வேணாம். அவன் சொல்லாமப் போனவன்தானே, அவனுக்காக நீங்க சொல்லி விடுங்க" என்றேன்.

என்னை ஒருதரம் பார்த்தார். மணலில் உட்கார்ந்து விசைப்பலகையை மடியில் வைத்தார். திரை இல்லை. எதிரே துவக்குகள். குருட்டாட்டமாக, தம்பி விட்ட இடத்திலிருந்து மிச்ச எழுத்துகளைத் தட்டினார். சத்தத்தை உள்ளே விடுகிற கட்டளை அது. பிறகு இன்னொரு தட்டு.

"பீப்."

குண்டுதான் என்று சனம் மணலுக்குள் இன்னும் புதைந்தது. ஆமிக்காரன் பின்னால் பாய்ந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் வெடிக்கவில்லை.

"கேட்டயாடா?" என்றார் மாஸ்டர். என்னிடம் கேட்கவில்லை.

பிறகு ஒவ்வொரு எழுத்தாக "போயித்து வாறன்" என்று தட்டினார். உறுமல் மெலிந்து மெலிந்து நின்றது. உள்ளே இருந்த கடைசி ஆளும் சொல்லிவிட்டான், அத்தனை மாதத்துக்குப் பிறகு மெசின் தானாகப் படுத்தது. வாவித் தண்ணீர் கரையில் அடிக்கிற சத்தம் அப்போதுதான் காதில் விழுந்தது.

சுதன் வரவேயில்லை. அகதி முகாமில் யாரிடமோ கரண்ட் கடன் வாங்கி, மாஸ்டர் அந்த மெசினைத் திரும்பக் கட்டினார். முதலில் உள்ளே வைத்தது சத்தத்தைத்தான். எத்தனையோ வருசம் கழித்து ஒரு காய்ச்சலில், ஆஸ்பத்திரி வாகனத்தில் ஏறும்போது என்னைப் பார்த்து முறைப்படி "போயித்து வாறன்" என்றார். நானும் "ஓம், வாங்க" என்றேன். அவர் திரும்பி வரவில்லை.

இன்றைக்கும் என்னுடைய கொம்பியூட்டர் திறக்கும்போது ஒரு பீப் அடிக்கும். நாராசமான சத்தம். அதைக் கழற்றி எறியச் சொல்லி என் மனைவி தினமும் சண்டை பிடிக்கிறாள். வேணுமெண்டத மட்டும் வை என்றுதானே மாஸ்டர் சொன்னார்? எனக்கு இது வேணும்.