இடது கன்னத்து எண்ணெய்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் இவரும் பாப்பாவும் நலம். என் முகத்தின் நலத்தைக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன். நீயும் அத்தானும் உன் மகளும் முழு முகத்தோடு நலமாக இருக்க வேண்டுகிறேன். முகப்பருவுக்கென்று நீ அனுப்பிய தேயிலை மர எண்ணெய் எப்போதோ வந்து சேர்ந்துவிட்டது. இவ்வளவு தாமதமாக எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. பரிசோதனை முடியாமல் முடிவை எழுதுவது நான் படித்த வேதியியலுக்கு அழகில்லை.

திங்கட்கிழமை ஆய்வுக்கூட வேலைக்குத் திரும்புகிறேன். அன்றைக்கே புது அடையாள அட்டைக்குப் படம் எடுப்பார்களாம். வேலையை விடுகிறவரை கழுத்தில் தொங்கப்போகிற படம்! பிள்ளை பெற்ற பிறகு என் கன்னங்கள் இருக்கிற இருப்பில் படம் எடுத்தால், வாசல் காவலாளி என்னை உள்ளே விடுவாரா என்பதே சந்தேகம். அதனால், தேங்காய் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டுப் பூசு என்று நீ படித்துப் படித்துச் சொல்லியும், ஒரு சொட்டு என்னத்தைக் கிழிக்கும் என்று அப்படியே எடுத்து இடது கன்னத்தில் பூசிவிட்டேன். எரிச்சல் என்றால் அப்படியொரு எரிச்சல் அக்கா! ஃபிரிட்ஜைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றேன். இவர் பின்னால் வந்து, "தக்காளியா தேடுற? கீழ்த்தட்டுல இருக்கு பாரு" என்றார்.

அப்புறம் புத்தி வந்து, நீ சொன்ன அளவில் கலந்து ஒரு சின்னப் பாட்டிலில் ஊற்றிவைத்தேன். ஆனால் எண்ணெயால்தான் குணமானது என்று எப்படி நிரூபிப்பது? அதனால் இடது கன்னத்துக்கு மட்டும் எண்ணெய், வலது கன்னம் ஒப்பீட்டுக்கு. "மூஞ்சியப் பாதி பாதியாப் பாகம் பிரிச்சுட்டியே, நான் எந்தப் பக்கம் பார்த்துப் பேசறது?" என்று இவருக்கு ஒரே கிண்டல். "எந்தப் பக்கம் பேசினாலும் காதுல ஏறப்போறதில்ல, போங்க" என்றேன்.

கிண்டலைத் தாங்கிக்கொண்டேன், பாப்பா செய்ததைத்தான் தாங்க முடியவில்லை. அந்த நெடி அவளுக்குப் பிடிக்கவில்லை. இடது தோளில் போட்டால் வீறிட்டு அழுகிறாள், வலது தோளில் போட்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள். வேலைக்குப் போய்விட்டால் பகலெல்லாம் என்னைப் பார்க்கப்போவதில்லை. இருக்கிற நாளிலும் பெற்ற தாயை இப்படி ஒதுக்கினால் எப்படி? அவளும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. எண்ணெயும் வேண்டாம், படமும் வேண்டாம் என்று குளியலறையில் உட்கார்ந்து அழுதேன்.

நல்லவேளை, தூக்கிப் போடவில்லை. ஒருநாள் வீடு முழுக்க, தரை வரைக்கும், அந்த வாசனை கமகமவென்று வீசியது. எண்ணெய் அப்படி வீரியம் பிடித்திருக்கிறது பார்! அன்றிரவு வாசனை அடங்கியதும், நான் கன்னத்தில் பூசியிருந்தும், பாப்பா என் இடது தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். குழந்தைகள் எவ்வளவு சீக்கிரம் பழகிக்கொள்கின்றன! என் மூக்கும் பழகிவிட்டது, இப்போது பூசும்போது வாசனையே தெரிவதில்லை. இடது கன்னத்தில் பருக்கள் அமுங்கிவிட்டன. எண்ணெயே படாத வலது கன்னமும் தெளிந்துவருகிறது. தோலுக்குள் ஊறி அந்தப் பக்கமும் போயிருக்க வேண்டும். திங்கட்கிழமை நிமிர்ந்து உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வேன். பருவை நினைத்து உன் மகள் கல்லூரிக்கு முகத்தை மூடிக்கொண்டு போகிறாள் என்றாயே, இந்த எண்ணெயையே கொடு. எனக்கும் இன்னொரு பாட்டில் அனுப்பு.

அத்தானுக்கு என் வணக்கம், மருமகளாகப் போகிற வயதிலும் அடம்பிடிக்கிற உன் மகளுக்கு என் முத்தம், இரண்டு கன்னத்திலும்.

உன் அன்புத் தங்கை

பின்குறிப்பு: உறையில் போடப்போன கடிதத்தை இவர் வாங்கிப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "பாப்பாவுக்குச் சட்டை மாத்தும்போது ரெண்டு பாட்டிலையும் தட்டி விட்டுட்டேன். எல்லாத்தையும் தரை துடைக்கிற துணியால துடைச்சு, சின்னதுல வெறும் தேங்காய் எண்ணெய ஊத்தி வச்சேன். ராத்திரி சொல்லத்தான் வந்தேன். வந்து பார்த்தா பாப்பா உன் தோள்ல தூங்குறா, நீயும் வாயத் திறந்துக்கிட்டுத் தூங்குற. அப்புறம் எப்படிச் சொல்றது?" ஆகவே அக்கா, உன் மகளுக்கு எண்ணெய் கொடுப்பதற்கு முன்னால் போனைப் பிடுங்கி வைத்துவிட்டு நன்றாகத் தூங்கச் சொல்லிப் பார். எனக்கு அந்தப் பாட்டில் கட்டாயம் வேண்டும். இவர் தரையில் கொட்டித் துடைத்த அன்றிலிருந்து வீட்டில் ஒரு எறும்புகூட இல்லை.