முன்பணம் கேட்காத வீடு

வாசற்படியில் ஒரு பூசணிக்காய் இருந்தது.

இன்சூரன்ஸ்காரர் குனிந்து பார்த்தார். தொடவில்லை. ஒரு சுற்று சுற்றி வந்து மறுபடியும் பார்த்தார். காம்பு புதிதாக அறுபட்டிருந்தது. வைத்த ஆளைக் காணோம். குடிவந்து முழுசாக ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் கேட்காமல் கொள்ளாமல் வாசலில் ஒரு பூசணிக்காய்.

"யாரோ வச்சிட்டுப் போயிருக்காங்க," என்றார் உள்ளே பார்த்து.

"எடுத்துட்டு வாங்க, சமைக்கலாம்," என்றாள் மனைவி.

"யாருன்னு தெரியாம எப்படி எடுக்கிறது?"

"கையாலதான்."

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தொழில் அப்படி. வண்டி தீப்பிடித்தது, கடைக்குள் வெள்ளம் புகுந்தது, கறவை மாடு செத்தது என்று இழப்பீடு கேட்டு வருகிறவர்கள் சொல்வது நிஜமா புளுகா என்று கண்டுபிடிக்கத்தான் கம்பெனி அவருக்குச் சம்பளம் கொடுத்தது. செத்த மாட்டை எழுப்பி விசாரிக்காத குறை. அந்தப் புத்தியைச் சாயந்தரம் ஆபீசிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் வம்பில்லை. வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார்.

டவுனில் அவர்கள் குடியிருந்த வீடுகளெல்லாம் அப்படித்தான் கைவிட்டுப் போயின. ஒரு வீட்டில் மாடிக்காரன் தண்ணீர் திருடுகிறான் என்றார். இன்னொன்றில் கரண்ட் மீட்டர் வேண்டுமென்றே வேகமாக ஓடுகிறது என்றார். கடைசி வீட்டில் எதிர்வீட்டு நாய் எல்லாரையும் பார்த்துக் குரைத்தது, அவரைப் பார்த்து மட்டும் குரைக்கவில்லை. அதில் ஏதோ உள்நோக்கம் இருக்கிறது என்று சாமான்களைக் கட்டச் சொன்னார்.

கட்டிக்கொண்டே மனைவி சொன்னாள்: "அடுத்த வீட்டை நான் பார்க்கிறேன். அதுலயும் நொட்டை சொல்லிக் காலி பண்ணணும்னீங்கன்னா, உங்க துணிமணியை மட்டும் கட்டிக்குங்க. நான் வரமாட்டேன்."

சொன்னால் சொன்னதுதான் என்கிற ரகம் அவள். அவள் இல்லாத வீட்டில் அவருக்கு ஒரு வாய் சோறு இறங்காது. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மறுவாரமே தனியாகப் பஸ் ஏறிப் போய், ஒரு கிராமத்தில் இந்த வீட்டைப் பார்த்து, சாவியோடு திரும்பினாள். தொண்டை கட்டியிருந்தது. பஸ்ஸில் ஒரே தூசி என்றாள். டவுன் வாடகையில் பாதிதான். முன்பணம் கிடையாது.

"முன்பணம் கேட்காத ஓனர் எந்த ஊர்லயும் கிடையாது," என்றார் இன்சூரன்ஸ்காரர்.

"இந்த ஊர்ல இருக்காரு," என்று கரகரத்தாள் மனைவி.

ஊர் அவ்வளவு அமைதி. ஒரு கடை, ஒரு பஸ், சுற்றிலும் மலை. மலை மறைப்பதால் போனில் சிக்னல் வராது, டிவியில் புள்ளி மட்டும் தெரியும். அடுத்த தெருவில் யாராவது இருமினால் இன்னார் இருமல் என்று இங்கே உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம். வீடும் நன்றாகத்தான் இருந்தது. கெட்டியான சுவர், பெரிய கூடம், தெருவைப் பார்த்து அகலமாக ஒரு ஜன்னல், பின்னால் கிணற்றோடு தோட்டம். சுற்றிச் சுற்றிப் பார்த்தும் ஒரு விரிசல்கூடக் கண்ணில் படவில்லை. அதுதான் அவரை உறுத்தியது.

இப்போது பூசணிக்காய் வேறு.

"சும்மா யாரும் எதையும் கொடுக்க மாட்டாங்க," என்றார் சாயந்தரம், அது குழம்பாகித் தட்டுக்கு வந்தபோது.

"புழுக்கமா இருக்கு," என்று எழுந்துபோய் ஜன்னலை விரியத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள் மனைவி. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவளுக்கு அடிக்கடி புழுங்கியது. "இப்போ சொல்லுங்க. என்ன சொன்னீங்க?"

சொன்னார். அவளும் சொன்னாள். பூசணிக்காயில் ஆரம்பித்துத் தண்ணீர் திருடிய மாடிக்காரன் வழியாக, கல்யாணத்தன்று மாமனார் போட்ட மோதிரத்தை அவர் மறுநாள் காலை உரசிப் பார்த்தது வரைக்கும் போனாள். கோர்வையாகப் பேசினாள். குரல் கணீரென்று இருந்தது.

பாதிச் சண்டையில் அவர் தற்செயலாகத் தெருவைப் பார்த்தார். எதிர்மரத்தடியில் தையல்காரர் பொத்தான் தைக்க ஒரு சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கடைக்காரரும், இன்னும் நாலைந்து பேரும். இவர் தலையைக் கண்டதும் எல்லாரும் ஒன்றாக வானத்தைப் பார்த்தார்கள்.

"என்ன பார்க்கிறீங்க?" என்று கேட்டார்.

"மழை வருமான்னு பார்க்கிறோம் சார்," என்றார் தையல்காரர்.

மேகம் என்று மருந்துக்குக்கூட ஒன்றும் இல்லை.

மறுநாள் வாசலில் ஒரு கூடை முட்டை இருந்தது.

அவர் நேராக ஓனர் வீட்டுக்குப் போனார். ஓனர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நின்றுகொண்டே பேசுவார்.

"எதுக்கு வாடகை இவ்வளவு கம்மி? உள்ளதைச் சொல்லுங்க."

"நல்ல குடும்பமா வந்தா போதும்னு நினைச்சேன் சார்."

"முன்னாடி இருந்தவங்க ஏன் போனாங்க?"

ஓனர் முகம் சுண்டிப்போனது. "அவங்களா? ரெண்டு பேரும் வாயைத் திறக்கவே மாட்டாங்க சார். ஊருக்கு ஒத்துவரல. அதை விடுங்க. கூடத்துல காத்து வருதா? ஜன்னல் சுலபமா திறக்குதா?"

"ஜன்னலைப் பத்தி எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான் சார்."

வாயைத் திறக்காதவர்கள். எதைப் பார்த்தபிறகு வாயை மூடிக்கொண்டார்கள்? இன்சூரன்ஸ்காரர் யோசித்தபடி வீட்டுக்கு வந்தால், அங்கே தச்சர் ஒருவர் ஜன்னல் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஓனர் அனுப்பினாராம். முழுசாகச் சுவர்வரை திறக்கும்படி கதவின் ஓரத்தையும் இழைத்துவிட்டுப் போனார். கூலி வாங்கவில்லை.

விஷயம் அவருக்கு விளங்கிவிட்டது. உளவு பார்க்கிறார்கள். அன்றே ஜன்னலைச் சாத்திக் குறுக்கே ஒரு கட்டையை வைத்து ஆணி அடித்தார்.

"காத்துக்கு என்ன பண்றது?" என்றாள் மனைவி.

"காத்தா, உயிரா?"

"புழுங்கியே உயிர் போயிடும் போலிருக்கு. நான் தோட்டத்துல இருக்கேன், பேசணும்னா அங்க வாங்க."

பேசவேண்டியிருந்தது, போனார். கிணற்றடியில் பேசினால் குரல் கிணற்றுக்குள் இறங்கி இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. அவள் அன்றைக்கு மோதிரக் கதையை முடித்துவிட்டு, மாமியார் கொடுத்த பட்சணத்தை அவர் முதலில் பூனைக்குப் போட்டுப் பார்த்த கதைக்கு வந்திருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் "அடப்பாவமே" என்று யாரோ முனகியது கேட்டது. எட்டிப் பார்த்தார். பாதி ஊர் அங்கே புல் அறுத்துக்கொண்டிருந்தது. ஒருவர் கையிலும் அரிவாள் இல்லை.

காலையில் ஓனர் தானாக வந்தார். கண் கலங்கியிருந்தது.

"இந்த மாசத்துல இருந்து வாடகையில இன்னும் கொஞ்சம் குறைச்சுக் கொடுங்க சார், போதும்."

இன்சூரன்ஸ்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். கேட்காமல் வாடகையைக் குறைக்கிற ஓனர். தோட்டத்தில் நின்ற மறுநாளே குறைக்கிறார். தோட்டத்தில் எதையோ புதைத்திருக்கிறார்கள், இவர் நெருங்கிவிட்டார் என்று பயந்து வாயை அடைக்கப் பார்க்கிறார்கள். இப்படி எத்தனை பேரைப் பிடித்திருக்கிறார் அவர்.

மண்வெட்டி எடுத்தார். கிணற்றடியில் ஆரம்பித்து வேலி வரைக்கும் வெட்டினார். ஒரு துருப்பிடித்த கரண்டி கிடைத்தது. வெட்டிய இடம் மனைவி விதை போட்டிருந்த பாத்தி.

அன்றைய சண்டையை இங்கே முழுசாக எழுத இடம் போதாது. "கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் பேசுறதை யாராவது காது கொடுத்துக் கேட்டிருக்காங்களா?" என்று அவள் கேட்டபோது வேலிக்கு அப்பால் ஒரு பெரிய மௌனம் நிலவியது. இந்த முறை ஆட்கள் ஸ்டூல் கொண்டுவந்திருந்தார்கள்.

"பார், ஸ்டூல் போட்டு உக்காந்திருக்காங்க," என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "என்னமோ நடக்கப்போகுது. நாளைக்கே காலி பண்ணிடலாம்."

மனைவி சட்டென்று பேச்சை நிறுத்தினாள். உள்ளே போனாள், அவரும் பின்னாலேயே போனார். அவருடைய பெட்டியை மட்டும் எடுத்து வந்து கூடத்து நடுவில் வைத்தாள்.

"போயிட்டு வாங்க," என்றாள். கத்தவில்லை. "நான் இங்க நல்லா இருக்கேன். இந்த ஊர்ல எனக்கு மனசு லேசா இருக்கு. என்னை விட்டுடுங்க."

இன்சூரன்ஸ்காரர் பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஊரே கொலைகாரக் கூட்டமாக இருந்தாலும் பரவாயில்லை, இவள் இல்லாமல் முடியாது என்று அந்த நிமிஷத்தில் அவருக்கு உறைத்தது. உண்மையிலேயே பயந்துபோனார். அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் போகல. இனிமே எதையும் சந்தேகப்பட மாட்டேன். சத்தியம்."

"நிஜமாவா?"

"உன் தலைமேல அடிச்சுச் சொல்றேன்."

சொன்னபடி நடந்துகொண்டார் மனிதர். ஜன்னல் கட்டையைப் பிடுங்கினார். பாத்தியைத் திரும்பக் கட்டி விதை போட்டார். கடையில் எடை போடும்போது தராசைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார். சாயந்தரங்களில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்தார்கள். உப்பு கூடினாலும் நன்றாக இருக்கிறது என்றார். இவ்வளவு சுகமாக வாழலாம் என்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று அவருக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

மனைவிக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னல் பக்கமாக ஒரு பார்வை, அவர் பக்கமாக ஒரு பார்வை.

"பால்ல தண்ணி கலந்திருக்கான்னு பார்க்கலையா?" என்றாள் ஒருநாள்.

"பாவம், பால்காரம்மா எதுக்குக் கலக்கப்போறா?"

"எங்க அண்ணன் வரப்போறதா கடுதாசி போட்டிருக்காரு. எதுக்கு வர்றாருன்னு கேக்கமாட்டீங்களா?"

"வரட்டுமே. பாவம், தங்கச்சியைப் பார்க்க ஆசை இருக்காதா?"

அவள் பெருமூச்சு விட்டாள். அதை அவர் ஆனந்தப் பெருமூச்சு என்று எடுத்துக்கொண்டார்.

ஊர்தான் மாறிப்போனது. வாசலில் பூசணிக்காய் இல்லை, முட்டை இல்லை. தையல்காரர் பார்த்தும் பார்க்காததுபோல் போனார். கடைக்காரர் சில்லறையைக் கையில் கொடுக்காமல் பலகைமேல் வைத்தார். பால் உண்மையாகவே தண்ணீராக இருந்தது. அவர் சத்தியத்தை நினைத்துக்கொண்டு குடித்தார்.

ஒருநாள் காலையில் ஓனர் வந்தார். உட்காரச் சொன்னதற்குத் தலையை ஆட்டிவிட்டு, வழக்கம்போல் நின்றுகொண்டே பேசினார்.

"அடுத்த மாசத்துல இருந்து டவுன் வாடகை கொடுத்துடுங்க சார். முன்பணமும் வேணும். முடியலைன்னா வேற இடம் பார்த்துக்குங்க."

"ஏன், நாங்க என்ன தப்பு பண்ணினோம்?"

"தப்பா?" என்றார் ஓனர் கசப்பாக. "நீங்க ஒண்ணுமே பண்ணலையே சார்." போய்விட்டார்.

இன்சூரன்ஸ்காரருக்குத் தலை சுற்றியது. சந்தேகப்பட்டபோது வாடகை இறங்கியது. நம்ப ஆரம்பித்ததும் ஏறுகிறது. மனைவி கடைக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் இதைச் சரிசெய்யவேண்டும், இல்லாவிட்டால் அவள் ஆசைப்பட்ட ஒரே வீடும் போய்விடும். சத்தியம் கித்தியமெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வாசலில் வந்து நின்றார். பால்காரம்மா வந்துகொண்டிருந்தாள். பாத்திரத்தை நீட்டாமல் வழியை மறித்தார்.

"இந்த ஊர்ல என்னதான் நடக்குது? சொல்லாம போக முடியாது."

பால்காரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்கு நிஜமாவே தெரியாதா சார்?"

"தெரிஞ்சா கேப்பேனா?"

"இங்க டிவி தெரியாது, போன் எடுக்காது. சாயந்தரமானா ஊருக்கு வேற என்ன பொழுதுபோக்கு? உங்க சண்டையைக் கேட்டுட்டுதான் எல்லாரும் சாப்பிடவே போவாங்க. பூனைக்குப் பட்சணம் போட்ட அன்னைக்கு எங்க வீட்ல யாரும் தூங்கல. இப்போ இப்படி திடுதிப்புன்னு நிறுத்திட்டீங்க. ஊரே வெறிச்சோடிப் போச்சு."

இன்சூரன்ஸ்காரர் கதவைப் பிடித்துக்கொண்டார். எண்ணெய் விட்ட ஜன்னல், வானத்தைப் பார்த்த தையல்காரர், ஸ்டூல் எல்லாம் வரிசையாக வந்து அவர்முன் நின்றன. முதலில் நினைத்தது தன்னை அல்ல, அவளைத்தான்.

"ஐயோ, இது என் மனைவிக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டாளே," என்றார். "வாய் விட்டுப் பேசிட்டா, பாவம். ஊரே கேக்குதுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

பால்காரம்மா பாலை அளந்து ஊற்றினாள். அவர் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டாளோ என்னவோ, மேலே கொஞ்சம் கொசுறும் ஊற்றினாள்.

"நீங்க வேற சார். வீடு பார்க்க வந்த அன்னைக்கே அக்கா அந்த ஜன்னல்கிட்ட நின்னு உங்களைப் பத்தி ஒரு மணி நேரம் பேசிக் காட்டினாங்க, அதைக் கேட்டுட்டுதானே முன்பணமே வேண்டாம்னு ஓனர் சாவியைக் கையில கொடுத்தாரு."