பியர் குடித்த கீபோர்ட்

பிரபலமாவதற்குத் திறமை வேண்டும் என்று சொல்கிறவர்கள் என்னைச் சந்தித்ததில்லை. எங்களைப் பிரபலமாக்கியது அரைக் கிளாஸ் பியர்.

நான் பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில் ஒரு ரெஸ்ரோறண்டில் சமையல். மன்னாரைச் சேர்ந்த சூசை அங்கே கோப்பை கழுவுகிறவன். மத்தியானச் சாப்பாடு முடிந்து இரவு அடுப்பு மூட்டும் வரை மூலைப் பாரில் இருப்போம். சூசை பாடுவான், சத்தம் கூடிப்போச்சு என்று தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து விலக்கப்பட்டவன். நான் பழைய கீபோர்ட் ஒன்றை அமத்துவேன். (வாசிப்பேன் என்று எழுத மனச்சாட்சி விடவில்லை.) ஒருவரும் கேட்பதில்லை.

ஒருநாள் சூசை உருகிப் பாடிக் கையை விரித்ததில் பியர் கவிழ்ந்து கீபோர்டுக்குள் போனது. அதன்பின் அதில் ஒரேயொரு தாளம்தான் வந்தது: பிரெஞ்சுக்காரர் சோடியாகச் சுழன்று ஆடுகிற வால்ஸ். எந்தப் பொத்தானை அமத்தினாலும் உம்-பா-பா. சூசை நிறுத்தவில்லை, காதல் தோல்விப் பாட்டை அதிலேயே பாடி முடித்தான். ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்ற மிசியே ரொஜே எழும்பி, பார் முதலாளியின் மனைவியைப் பிடித்துச் சுழற்றினார்.

அடுத்த வெள்ளி பார் நிரம்பியது. முதலாளி கரும்பலகையில், அன்றைய சூப்புக்குக் கீழே, 'துவோ தமூல்', அதாவது தமிழ் இரட்டையர், என்று எழுதினார். நாங்கள் திட்டமிட்டுக் கண்டுபிடித்த புது இசை என்று எல்லாரும் நம்பினார்கள். கொஞ்ச நாளில் நாங்களும் நம்பினோம்.

யாரோ எடுத்த வீடியோ ஓல்னேயில் இருக்கும் என் மனைவியின் அண்ணன் யோகன் வரை போனது. மச்சான் குடிக்கிற ஆள் இல்லை. பின்னால் அடுக்கியிருந்த போத்தல்களை அலங்காரம் என்று நினைத்திருக்கிறார்.

"மகளின்ரை சாமத்தியச் சடங்குக்கு நீங்கள் ரெண்டு பேரும் பாட வேணும்," என்று ரெஸ்ரோறண்டுக்கே வந்து வீடியோவைக் காட்டினார். "இது எந்த ஹோல்?"

நான் வாய் திறக்கமுதல் சூசை, "கலாசார நிலையம் அண்ணை," என்றான்.

"அந்த வெள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. சபைக்கு ஒரு மதிப்பு."

வேறு கீபோர்ட் இரவல் வாங்குவோம் என்று நான் சொன்னேன். சூசை என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "அதிலை எங்கடை சவுண்ட் வராது."

பூப்புனித நீராட்டுச் சடங்கன்று மிசியே ரொஜே கழுத்துப்பட்டி கட்டி வந்திருந்தார். மச்சான் அவரை முன்வரிசையில் இருத்தி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். மச்சானின் மகள் நிவேதா பல்லக்கில் வந்து இறங்கினாள். மச்சானின் சின்னம்மா கற்பூரம் எரியும் ஆராத்தித் தட்டோடு மேடையை நோக்கி நடந்தார். மச்சான் எனக்குத் தலையசைத்தார். நான் அம்மன் பாட்டுக்குப் பொத்தானை அமத்தினேன்.

உம்-பா-பா.

சபை அசையவில்லை. மிசியே ரொஜே மட்டும் அசைந்தார். எழும்பினார், குனிந்து வணங்கினார், தட்டும் கையுமாக நின்ற சின்னம்மாவை இடுப்பில் பிடித்துச் சுழற்றத் தொடங்கினார். சூசை கண்ணை மூடி அம்மனை அழைத்துக்கொண்டிருந்தான். சின்னம்மா தட்டை விடவில்லை. மூன்றாவது சுற்றில் கற்பூரம் மேடையில் நின்ற, வெள்ளை நுரைப்பலகையில் வெட்டிய ரெஜிபோம் மயிலின் வாலில் விழுந்தது.

வாலை யாரோ தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கறுத்த புகை போதும். நெருப்பு மணி அலறியது. ஹோல் பொறுப்பாளர் வந்து முழுச் சனத்தையும் கார் நிறுத்துமிடத்துக்கு அனுப்பினார். அங்கே மழை தூறியது. மிச்சச் சடங்கு இரண்டு வான் வண்டிகளுக்கு நடுவே, குடைகளுக்குக் கீழே நடந்தது. நான் கீபோர்டை ஜாக்கெட்டால் மூடிக்கொண்டு நின்றேன். அது உள்ளே இருந்தபடி உம்-பா-பா என்றது. பற்றரியில் ஓடுவது, நிற்பாட்டும் பொத்தானும் பழுது.

கண்மை கரைந்து வழிய நின்ற நிவேதா, தகப்பனைப் பார்த்து, "பப்பா, ஸே ஜெனியால்," என்றாள். பிரமாதமாம்.

"இனி நான் அண்ணை வீட்டை என்ன முகத்தோடை போறது?" என்று என் மனைவி கேட்டாள். அதற்குள் சின்னம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டார். பெரிய ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தோம்.

"அந்தக் கிழவன் எங்கை இருக்கிறவர், பிள்ளை?" என்று மட்டும் கேட்டாராம்.

பாரில் எங்களுக்கு இன்றைக்கும் இடம் உண்டு. மயில் கதை பரவி இன்னும் கூட்டம். தமிழ்ச் சடங்குகளுக்குத்தான் ஒருவரும் கூப்பிடுவதில்லை. மச்சான் இப்போது எந்த நிகழ்ச்சிக்கு அழைத்தாலும் ஒரே மாதிரித்தான் சொல்வார்: "சனிக்கிழமை வாங்கோ. சாப்பாடு இருக்கு. பாட்டு இல்லை." சொந்தக்காரர் எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள், திரான்சியில் பிறந்தநாள் என்றாலும் 'பாட்டு இல்லை' என்று சொல்லிச் சிரிக்காமல் அழைப்பதில்லை.

போன கிழமை மச்சான் எனக்கும் போன் எடுத்தார். "பாட்டு இல்லை," என்று சொல்லிவிட்டு, நான் "ஓம்" என்று சொல்லும்வரை போனை வைக்கவில்லை.