மருவுக்கு நான் எழுதிய நான்கு வரிகள்

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு, நேற்று உங்கள் வீட்டு வாசலோடு திருப்பி அனுப்பப்பட்ட மைத்துனன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வேலையும் மயிரிழையில் தப்பித்தோம். அங்கே அக்காவும் உங்கள் கழுத்தும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நீங்கள் போனை எடுப்பதில்லை. அக்கா எடுத்தால், "அவரு குளிக்கிறாருடா" என்கிறாள். மூன்று நாளாகவா அத்தான் குளிப்பீர்கள்? அதனால்தான் கடிதம்.

தோல் ஆஸ்பத்திரியில் பில் போடுகிறவன் நான். மருவோ மச்சமோ, எதை எடுத்தாலும் ஏன் எடுத்தோம் என்று இன்சூரன்ஸ்காரர்களுக்குக் குறிப்பு எழுத வேண்டும். அழகுக்காக என்றால் சல்லிக்காசு பெயராது. ஆகையால் பன்னிரண்டு வருஷமாக என் கம்ப்யூட்டரில் நான்கு வரிகள் தயாராக இருந்தன: காலரில் உரசுகிறது. ரத்தம் கசிகிறது. வேகமாக வளர்கிறது. சந்தேகத்துக்குரியது. உங்கள் கழுத்தில் இருந்தது மிளகளவு மரு. அதனால் உங்களுக்கு வந்த ஒரே தொல்லை அக்காவின் கேலிதான். இருந்தாலும் சொந்த அத்தானாயிற்றே என்று நான்கையும் ஒட்டி, பாசம் தாங்காமல் கடைசி வரியில் 'மிகவும்' என்றும் சேர்த்துவிட்டேன்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. அந்தக் குறிப்பின் நகல் உங்கள் வீட்டுக்கே வரும் என்று நான் கண்டேனா? நீங்களும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல், அக்காவிடம் மூச்சுவிடாமல், புற்றுநோய்தான், நாள் நெருங்கிவிட்டது என்று முடிவு கட்டி, வீட்டுச் சாவிகளுக்கெல்லாம் சீட்டு ஒட்டி, ஓர் ஏணிச் சண்டையால் ஒன்பது வருஷமாக முகம் பார்க்காத உங்கள் தம்பி வீட்டுக்குப் போய், "நான் போறதுக்குள்ள சொல்லிடறேன்டா, அந்த ஏணிப் படிய ஒடச்சது நீயில்ல, நாந்தான்" என்று சொல்லி, அவர் அழ, நீங்கள் அழ, பத்து நாள் தினமும் அங்கேதான் சாப்பாடு. அப்புறம் டாக்டரிடம் போய், "இன்னும் எத்தன மாசம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். "எதுக்கு? தையல் பிரிக்கவா? இப்பவே பிரிச்சிடலாமே!" என்றாராம் அவர்.

நேராக என் மேஜைக்கு வந்து, "ஒரு மருவுக்காகவாடா நான் உண்மையச் சொன்னேன்?" என்று கத்தினீர்களே, அது இன்னும் காதில் கேட்கிறது. பொய் எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். ஆனால் அன்றோடு நீங்கள் தம்பி வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டீர்களே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. நான் எழுதியது பொய்தான். நீங்கள் அழுதது பொய்யில்லையே அத்தான்.

இன்சூரன்ஸுக்குத் திருத்தம் அனுப்பி வேலையைக் காப்பாற்றிக்கொண்டேன். நான்கு வரிகளையும் அழித்துவிட்டேன். இனி கண்ணால் கண்டதை மட்டுமே எழுதுவேன், இது சத்தியம்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் கழுத்து வடு தெரியாமல் ஆறட்டும்.

கதவு திறக்கக் காத்திருக்கும்,
மைத்துனன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது உங்கள் தம்பி வந்தார். முதுகில் கடுகளவு மச்சம். எடுக்கக்கூட வேண்டாமாம். "அண்ணனுக்கு எழுதின மாதிரியே எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க. அந்த 'மிகவும்'ங்கறத விட்டுடாதீங்க" என்றார். எதற்கென்று கேட்டேன். "அதப் பாத்தா அண்ணன் வருவாருல்ல?" கம்ப்யூட்டரில்தானே அழித்தேன், மனப்பாடம் போகுமா? கையாலேயே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். படித்ததும் பதறிக்கொண்டு ஓடுங்கள். நான் இதைச் சொன்னதாக மட்டும் அவரிடம் காட்டிக்கொள்ள வேண்டாம்.